'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று அஞ்சும் இளம் டிசைனர்கள்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு டிசைன் என்றால் ஃபிளெக்ஸ் போர்டு கடையும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகமும்தான் நம் நினைவுக்கு வரும். இன்று நிலைமை வேறு. மொபைல் செயலியின் திரையை வடிவமைப்பவர், நிறுவனங்களுக்கு லோகோ அமைப்பவர், பொருளுக்கு உறை வடிவமைப்பவர் எனப் பல பெயர்களில் நம் பிள்ளைகள் இந்தத் துறைக்குள் நுழைகிறார்கள். சிலர் கல்லூரியில் முறையாகப் படித்தவர்கள். பலர் யூடியூப் பார்த்தும், ஆறு மாத கோர்ஸ் முடித்தும் கற்றுக்கொண்டவர்கள். திருமணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தபடியே ஃப்ரீலான்ஸ் வேலை செய்யும் சகோதரிகளும் உண்டு.

வேலை கிடைக்காதவர் கவலைப்படுவது இயல்பு. ஆனால் நல்ல வேலை கிடைத்து, முதல் பாராட்டும் கிடைத்த பிறகுதான் சிலருக்கு வேறொரு பயம் தொடங்குகிறது. ஆலோசனை கேட்டு வரும் இளைஞர்கள் அதை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: "ஹஜ்ரத், எனக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது. ஆபீஸில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்."

இதைத்தான் 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்கிறார்கள். இம்போஸ்டர் என்றால் தான் இல்லாத ஒருவராக வேடம் போடுபவர். தகுதியும் உழைப்பும் இருந்தும், தான் மற்றவர்களை ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் என்றாவது ஒருநாள் பிடிபடுவோம் என்றும் உள்ளுக்குள் அஞ்சிக்கொண்டிருப்பதே இது. தமிழில் 'போலி உணர்வு' என்று சொல்லிக்கொள்வோம்.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பயத்தால் கிடைத்த வாய்ப்பை வேண்டாம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். உரிய கூலியைக் கேட்கக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் குறைந்த சம்பளத்தில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். திறமை இருந்தும் துறையை விட்டே போனவர்களும் இருக்கிறார்கள்.

இது எங்கிருந்து வந்த பெயர்?

1978-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். படிப்பிலும் பணியிலும் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களிடம் தாங்கள் கண்டதை அதில் எழுதினார்கள். பட்டங்களும் பாராட்டுகளும் இருந்தும் அந்தப் பெண்களில் பலர் தங்களை அறிவாளிகளாக நம்பவில்லை. தேர்வில் ஏதோ தவறு நடந்துவிட்டது, அதிர்ஷ்டம் கைகொடுத்தது, ஆசிரியர் என்னை மிகையாக மதிப்பிட்டுவிட்டார் என்றே காரணம் சொன்னார்கள்.

அந்த இருவரும் இதை 'சிண்ட்ரோம்' என்று அழைக்கவில்லை. 'ஃபினாமினன்', அதாவது ஒரு நிகழ்வு என்றுதான் பெயரிட்டார்கள். நோயைக் குறிக்கும் சொல் பிறகு மக்கள் வழக்கில் ஒட்டிக்கொண்டது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. எனவே 'எனக்கு ஒரு வியாதி இருக்கிறது' என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

இது பெண்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. இதுபற்றி வந்த 62 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த ஒரு மருத்துவ ஆய்வு 2020-இல் வெளியானது. அவற்றில் மொத்தம் 14,161 பேர் பங்கேற்றிருந்தார்கள். ஆண், பெண் இருபாலரிடமும், பல வயதினரிடமும் இந்த உணர்வு காணப்பட்டது. எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து, பாதிப்பு 9 சதவீதம் முதல் 82 சதவீதம் வரை மாறியது. இத்தனை பெரிய இடைவெளி இருப்பதால், 'பத்தில் இத்தனை பேருக்கு இது உண்டு' என்று சமூக ஊடகங்களில் உறுதியாகச் சொல்லப்படும் கணக்குகளை அப்படியே நம்ப வேண்டாம். உங்களுக்கு மட்டும் வந்த உணர்வு இல்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சுழல்

பாராட்டு கிடைத்தால் இந்தப் பயம் தீர்ந்துவிட வேண்டும் அல்லவா? ஏன் தீர்வதில்லை? கிளான்ஸ் பின்னாளில் இதை ஒரு சுழலாக விளக்கினார்.

புதிய வேலை ஒன்று கைக்கு வருகிறது. உடனே பதற்றம். அந்தப் பதற்றத்தில் சிலர் தேவைக்கு மேல் இரவு பகலாக உழைக்கிறார்கள். வேறு சிலர் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டு அவசர அவசரமாக முடிக்கிறார்கள். வேலை நன்றாக அமைந்துவிடுகிறது. ஆனால் முதல் வகையினர், 'இவ்வளவு உழைத்தால் யாருக்கும் வரும், இதில் என் திறமை என்ன?' என்கிறார்கள். இரண்டாம் வகையினர், 'ஏதோ தப்பித்தேன்' என்கிறார்கள். இரண்டிலும் வெற்றி தன் கணக்கில் வரவாவதில்லை. அடுத்த வேலை வரும்போது பழைய இடத்திலிருந்தே பயம் தொடங்குகிறது.

ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான் இது. எத்தனை பாராட்டை ஊற்றினாலும் நிரம்பாது. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்.

டிசைன் துறையில் ஏன் அதிகம் உறுத்துகிறது?

கணக்கர் கூட்டிய தொகை சரியா தவறா என்று உடனே சொல்லிவிடலாம். டிசைனில் அப்படி ஒரே விடை கிடையாது. ஒரே கடைக்குப் பத்துப் பேர் பத்து லோகோ வரைந்தால் பத்தும் சரியாக இருக்கலாம். 'இதுதான் சரி' என்று எங்கும் எழுதி வைக்கப்படாத வேலையில், செய்தவருக்கே சந்தேகம் வருவது எளிது.

இரண்டாவது, இந்த வேலை எல்லோர் கண்ணிலும் படும். மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டைப் பற்றி நாம் கருத்துச் சொல்வதில்லை. ஆனால் ஒரு போஸ்டரைப் பார்த்தால் தெருவில் போகிறவருக்கும் ஒரு கருத்து இருக்கும். 'கொஞ்சம் பளிச்சென்று இருக்கலாமே', 'லோகோவைப் பெரிதாக்குங்கள்' என்பவை டிசைனர்கள் தினமும் கேட்பவை. இருபது முறை திருத்தச் சொன்னால் இளம் மனம் வேலையில் குறை என்று எடுத்துக்கொள்வதில்லை. தன்னிடமே குறை என்று எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது, ஒப்பீடு. பிஹான்ஸ், டிரிபிள், இன்ஸ்டாகிராம் தளங்களைத் திறந்தால் உலகின் சிறந்த டிசைனர்களின் முடிந்த வேலை வரிசையாக வருகிறது. அதற்கு முன் அவர்கள் கிழித்துப் போட்ட ஐம்பது தாள்கள் அங்கே வருவதில்லை. அவர்களின் முடிந்த வேலையையும் தன் பாதி வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் எப்படி நிம்மதியாக இருக்க முடியும்?

நான்காவது, கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஃபோட்டோஷாப் கற்றவர் ஃபிக்மா கற்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு வரி எழுதினால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. 'நேற்று கற்றதே பழையதாகிவிட்டது, நான் எப்படி டிசைனர்?' என்ற கேள்வி எழுகிறது.

ஐந்தாவது, நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கே உரியது: ஆங்கிலம். நல்ல யோசனை மனதில் இருக்கும், ஆனால் கூட்டத்தில் ஆங்கிலத்தில் விளக்க வராது. சரளமாகப் பேசும் சக ஊழியரின் சாதாரண யோசனை ஏற்கப்படும்போது, மொழியில் உள்ள குறையை இவர் திறமையில் உள்ள குறையாக நினைத்துக்கொள்கிறார்.

மூன்று டிசைனர்களின் தொடக்கம்

உலகம் அறிந்த மூவரின் தொடக்க காலத்தைப் பார்ப்போம். இவர்கள் மனதில் என்ன ஓடியது என்று நாம் கற்பனை செய்ய வேண்டாம். நடந்தவற்றை மட்டும் பார்ப்போம்.

1971-இல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் படித்துக்கொண்டிருந்த மாணவி கரோலின் டேவிட்சன். அங்கே கணக்கியல் வகுப்பு எடுத்த ஃபில் நைட், தன் காலணி நிறுவனத்துக்கு ஒரு சின்னம் வரையச் சொன்னார். அவர் வரைந்தவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபோது நைட்டுக்கு அதன்மேல் பெரிய விருப்பம் இல்லை. போகப் போகப் பிடிக்கலாம் என்ற அளவில்தான் ஏற்றுக்கொண்டார். கூலி 35 டாலர். அதுதான் இன்று உலகம் முழுவதும் தெரிந்த நைக்கி சின்னம். 1983-இல் அந்த நிறுவனம் அவரை அழைத்து மோதிரமும் பங்குகளும் கொடுத்துக் கௌரவித்தது. முதல் நாள் கிடைக்கும் அரைமனதான வரவேற்பு ஒரு வேலையின் இறுதித் தீர்ப்பாகிவிடாது.

1981-இல் வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சின்னத்துக்கான போட்டி நடந்தது. 1,421 வடிவமைப்புகள் வந்தன. அனுப்பியவர் பெயரை மறைத்து எண் மட்டும் இட்டு நடுவர்கள் முன் வைத்தார்கள். தேர்வானது 21 வயது மாயா லின் அனுப்பியது. அப்போது அவர் யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவி. பெயர் வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. வடிவத்தைப் பழித்தவர்களோடு அவருடைய ஆசிய வம்சத்தைப் பழித்தவர்களும் இருந்தார்கள். 1982-இல் சின்னம் திறக்கப்பட்டது. பெயரும் வயதும் தெரியாதபோது அவருடைய வேலையே பேசியது. தெரிந்த பிறகுதான் 'இவருக்குத் தகுதி உண்டா?' என்ற கேள்வியே வந்தது. 'நான் சின்னவன், பெரிய கல்லூரியில் படிக்காதவன்' என்று தயங்கும் ஒவ்வொருவரும் இதை யோசிக்க வேண்டும்.

மூன்றாமவர் பாக்தாதில் பிறந்த ஸஹா ஹதீத். பெய்ரூத்தில் கணிதம் படித்து, லண்டனில் கட்டடக் கலை பயின்று, 1980-இல் தனியாக அலுவலகம் தொடங்கினார். 1983-இல் ஹாங்காங்கில் ஒரு பெரிய போட்டியில் வென்றார். அது கட்டப்படவில்லை. அவருடைய முதல் முக்கியக் கட்டடமான ஜெர்மனியின் விட்ரா தீயணைப்பு நிலையம் நிறைவுற்றது 1993-இல். அடுத்த ஆண்டு பிரிட்டனின் கார்டிஃப் நகர இசை அரங்குப் போட்டியிலும் வென்றார். அதுவும் கைவிடப்பட்டது. காகிதத்தில் மட்டுமே கட்டுபவர் என்ற பேச்சை நெடுங்காலம் சுமந்த அவர், 2004-இல் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார்.

யார் உண்மையான போலி?

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். 'நான் போலி' என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு நிலைகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் நிலை, உண்மையிலேயே ஏமாற்றுவது. அடுத்தவர் வேலையை எடுத்துத் தன் போர்ட்ஃபோலியோவில் போட்டுக்கொள்வது, ஐந்து பேர் சேர்ந்து செய்ததைத் தான் மட்டுமே செய்ததாகச் சொல்வது, தெரியாத மென்பொருளைத் தெரியும் என்று எழுதுவது. இவற்றில் ஏதாவது இருந்தால் மனம் உறுத்துவது நல்லதே. அந்த உறுத்தலுக்கு மருந்து தன்னம்பிக்கைப் பேச்சு இல்லை. உடனே திருத்திக்கொள்வதுதான். வேலை என்பது அமானிதம்.

இரண்டாம் நிலை, உண்மையான திறன் குறைவு. எழுத்துருக்களைப் பொருத்தத் தெரியவில்லை, அச்சுக்குக் கோப்பு தயாரிக்கத் தெரியவில்லை, நிறப் பொருத்தம் வரவில்லை. இது ஏமாற்று ஆகாது. படிக்க வேண்டிய பாடம், அவ்வளவே. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமே ஆனவருக்குப் பத்து வருட அனுபவம் இல்லாதிருப்பது குற்றமா? உங்களை வேலைக்கு எடுத்தவர் உங்கள் வயதையும் அனுபவத்தையும் பார்த்துத்தானே எடுத்தார்?

மூன்றாம் நிலை, திறனும் உண்டு, நேர்மையும் உண்டு, ஆனால் மனம் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. இதுதான் போலி உணர்வு.

பயம் வரும்போது ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். நான் யாரிடமாவது பொய் சொல்லியிருக்கிறேனா? எனக்குத் தெரியாதது எது, அதன் பெயர் என்ன? நான் முடித்த வேலைகள் எவை? பொய் இருந்தால் திருத்துங்கள். தெரியாதது இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால் மிஞ்சுவது வெறும் பயம்தான். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதைப் படிக்க முடியாது. 'எனக்கு அச்சுக் கோப்பு தயாரிக்கத் தெரியாது' என்பதை ஒரு வாரத்தில் படித்துவிடலாம்.

சிவப்பு மையின் பாடம்

அரபு எழுத்துக் கலையின் பயிற்சி முறையை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு முன்மாதிரி உண்டு. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா, எழுதுகோலின் முனை இடும் புள்ளியையே அளவாக வைத்து ஒவ்வோர் எழுத்துக்கும் விகிதம் வகுத்தார். அழகு என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைத்தது.

உஸ்மானிய காலத்தில் வளர்ந்த பயிற்சி முறையில் மாணவர் எழுதிக் கொண்டுவரும் தாளில், உஸ்தாத் பிழையான எழுத்துக்குக் கீழே சரியான வடிவத்தை எழுதிக் காட்டுவார். பெரும்பாலும் சிவப்பு மையில். மாணவர் அதே பாடத்தை மீண்டும் எழுதி வருவார். இப்படிப் பல ஆண்டுகள். கடைசியில் இஜாஸா கிடைக்கும். அதற்குப் பிறகே தன் எழுத்தில் 'எழுதியவர் இன்னார்' என்று பெயரிடும் உரிமை.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. சிவப்பு மை அங்கே அவமானம் இல்லை. ஆசிரியர் தன் நேரத்தைச் செலவிட்டதற்கான அடையாளம். மேலும், 'நான் தயாரா?' என்ற கேள்வியை மாணவரின் மனப் பதற்றத்திடம் விடவில்லை. அறிந்த ஒருவர் பார்த்துச் சொன்னார். இன்றைய டிசைனருக்கு அப்படி ஒரே நாளில் கையில் தரும் இஜாஸா கிடையாது. அதனால் அந்த இடத்தைத் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை

முதலாவது, காரணம் எழுதுங்கள். ஒவ்வொரு டிசைனுக்கும் நான்கைந்து வரி போதும். வாடிக்கையாளரின் பிரச்சினை என்ன, ஏன் இந்த நிறம், ஏன் இந்த எழுத்துரு, எதை விட்டுவிட்டேன், ஏன்? 'அழகாகத் தோன்றியது' என்பதைவிட, 'வயதானவர்கள் படிக்கும் அட்டை என்பதால் எழுத்தைப் பெரிதாக்கினேன்' என்பது உறுதியான பதில். காரணம் சொல்லத் தெரிந்தவருக்குத் தன் வேலை அதிர்ஷ்டத்தால் வரவில்லை என்பது தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் பேச வேண்டிய கூட்டத்துக்கு முன்பும் இந்த வரிகளே கைகொடுக்கும்.

இரண்டாவது, பாதியிலேயே காட்டுங்கள். முழுதாக முடித்து மெருகேற்றிய பிறகு காட்டினால் ஒவ்வொரு திருத்தமும் அடியாக விழும். கோட்டோவியமாக இருக்கும்போதே காட்டினால் அது உரையாடலாக இருக்கும். கருத்துக் கேட்கும்போது 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள். 'தொலைபேசி எண் முதல் பார்வையில் கண்ணில் படுகிறதா?' என்று கேளுங்கள். கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வரும்.

மூன்றாவது, பதிவு வைத்துக்கொள்ளுங்கள். முடித்த வேலைகள், வந்த பாராட்டு மின்னஞ்சல்கள், திருத்தங்களில் கற்றவை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய வேலையை எடுத்துப் பாருங்கள். ஒப்பிட வேண்டியது உங்கள் பழைய வேலையோடு.

நான்காவது, உங்கள் துறையில் ஐந்தாறு ஆண்டுகள் மூத்த ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை உங்கள் வேலையைக் காட்டுங்கள். மனம் திறந்து இந்தப் பயத்தையும் சொல்லுங்கள். 'எனக்கும் இருந்தது' என்ற பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

ஐந்தாவது, கூலியை மணிக்கணக்கில் கணக்கிடுங்கள். உங்களை நீங்களே எப்படி மதிக்கிறீர்கள் என்பதை வைத்து விலை சொன்னால் பயம்தான் விலை சொல்லும். எத்தனை மணி நேரம், எத்தனை திருத்தம் என்று முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொண்டால் உங்களுக்கும் நிம்மதி, வாடிக்கையாளருக்கும் நிம்மதி.

எல்லாப் பழியும் இளைஞர் மீதா?

ருசிகா துல்ஷ்யான், ஜோடி ஆன் பியூரி என்ற இருவர் 2021-இல் ஹார்வர்ட் பிஸினஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெண்களுக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் இருக்கிறது என்று சொல்லி அவர்களையே சரிசெய்யப் பார்ப்பதைவிட, அவர்களை அப்படி உணரவைக்கும் பணியிடங்களைச் சரிசெய்யுங்கள் என்பது அவர்களின் வாதம். நியாயமான வாதம். உடையையும் பெயரையும் உச்சரிப்பையும் வைத்து எடைபோடும் அலுவலகத்தில் ஒருவருக்குத் தன்மேல் சந்தேகம் வந்தால், கோளாறு அவர் மனதில் மட்டும் இருப்பதாகச் சொல்ல முடியாது.

இந்தக் கேள்வியை நம் வீட்டையும் ஊரையும் நோக்கியும் திருப்ப வேண்டும். டிசைன் வேலைக்குப் போகும் பிள்ளையிடம், 'படம் வரைவதெல்லாம் ஒரு வேலையா? எப்போது நல்ல வேலை தேடப்போகிறாய்?' என்று கேட்கும் குடும்பங்கள் எத்தனை? 'தம்பி, கம்ப்யூட்டர்ல தானே, அஞ்சு நிமிஷத்துல ஒண்ணு போட்டுக் கொடு' என்று கடை லோகோ, நிக்காஹ் பத்திரிகை, ரமலான் கால அட்டவணை என எல்லாவற்றையும் இலவசமாக வாங்கிக்கொள்ளும் நாம், அதே அட்டவணையை அச்சடித்த அச்சகத்துக்குப் பணம் கொடுக்காமல் வருகிறோமா? எலக்ட்ரீசியனுக்கும் பந்தல்காரருக்கும் கூலி கொடுத்துவிட்டு டிசைனருக்கு மட்டும் 'உனக்கு விளம்பரம்தானே' என்றால், உன் வேலைக்கு மதிப்பில்லை என்று நாமே அவருக்குக் கற்பிக்கிறோம். பொதுக் காரியத்துக்கு அவராக மனமுவந்து செய்தால் அது வேறு. மற்ற வேலைக்குக் கூலி பேசிக் கொடுப்பதே முறை.

எப்போது உதவி நாட வேண்டும்?

மேலே குறிப்பிட்ட 2020 ஆய்வு, இந்த உணர்வுள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்ற நோயும் சேர்ந்து காணப்படுவதையும் சுட்டிக்காட்டியது. தூக்கம் கெடுவது, சாப்பிடப் பிடிக்காமல் போவது, வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடப்பது, வாழ்வே வீண் என்று தோன்றுவது போன்றவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். இந்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

இளம் டிசைனர்களே, உங்களுக்குத் தெரியாதவை இன்னும் நிறைய உண்டு. இருபது வருட அனுபவம் உள்ளவருக்கும் அப்படித்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லுங்கள். இந்த இரண்டையும் உண்மையாகச் சொல்பவரைப் பிடிப்பதற்கு யாரிடமும் எதுவும் இல்லை.